பட்காமில் விழுந்த ஹெலிகாப்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 பிப்ரவரி 27, புதன்கிழமை. காலை 10 மணி வாக்கில் ஸ்ரீநகர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்ஐ-17 வி5 ரக ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பியது. பத்து நிமிடம்கூட முழுதாக ஆகியிருக்காது, பட்காம் மாவட்டத்தில் கரேந்த் கலான் என்ற கிராமத்தின் திறந்தவெளியில் அது எரிந்தபடி விழுந்தது. உள்ளே இருந்த விமானப்படையினர் ஆறு பேரும், தரையில் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்துபோனார்கள். அந்த ஹெலிகாப்டரை வீழ்த்தியது பாகிஸ்தான் அல்ல. ஸ்ரீநகர் தளத்தைக் காப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த நம்முடைய ஏவுகணைதான்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறவன் நான். ஓசூர் சிப்காட், பர்கூர், கிரானைட் குவாரிகள், சீசன் வந்தால் மாம்பழக்கூழ் ஆலைகள் என்று சுற்றுகிற வேலை. வகுப்பில் ஒரு விபத்தைப் பிரித்துப் பார்க்க உள்ளூர் விபத்தையே எடுத்தால் ஒரு சிக்கல் உண்டு. மெஷினை ஓட்டியவர் முன்வரிசையில் இருக்கும் ஒருவருக்கு மச்சானாக இருப்பார், சூப்பர்வைசர் இன்னொருவருக்குப் பங்காளியாக இருப்பார். ஐந்தாவது நிமிடத்தில் வகுப்பு பஞ்சாயத்தாகிவிடும். அதனால் யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த நாளில் நடந்த ஒரு சம்பவம் தேவைப்பட்டது.

அந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் அபிநந்தன் என்பார்கள். அன்று பாகிஸ்தானிடம் பிடிபட்ட அந்தப் போர் விமானியின் பூர்வீகம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் உள்ள திருப்பனமூர். அந்த மீசை எங்கள் ஊர் சலூன்களில் ஒரு வருஷம் ஓடியது. ஹெலிகாப்டர் என்று சொன்னால் மட்டும் முகம் யோசனைக்குப் போகும். "குன்னூர்ல விழுந்துச்சே, அதுவா சார்?" என்று ஒருவராவது கேட்பார். அது 2021 டிசம்பர் 8. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்த விபத்து. அதுவும் எம்ஐ-17 வி5 தான். ஆனால் அங்கே காரணம் திடீரென்று மாறிய வானிலை, மேகத்துக்குள் போனதில் விமானிக்குத் திசை உணர்வு தப்பியது என்று விசாரணை சொன்னது. பட்காமில் வானிலைக்கோ இயந்திரத்துக்கோ இதில் பங்கில்லை.

அந்த இரண்டு வாரம்

பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை வாகன வரிசை மீது தற்கொலைத் தாக்குதல். 40 பேர் இறந்தார்கள். அதில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள், தூத்துக்குடி மாவட்டத்திலும் அரியலூர் மாவட்டத்திலும் இருந்து போனவர்கள். பிப்ரவரி 26 விடியற்காலையில் இந்திய விமானப்படையின் மிராஜ்-2000 விமானங்கள் எல்லை தாண்டி பாகிஸ்தானில் உள்ள பாலகோட்டில் குண்டு போட்டன. அடுத்து பாகிஸ்தான் ஏதாவது செய்யும் என்பது அன்று காலை முதலே எல்லோருக்கும் தெரியும். எப்போது, எங்கே, எதை வைத்து என்பதுதான் தெரியாது.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அதே மாதம் 1ஆம் தேதி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்தில் மேம்படுத்திய மிராஜ்-2000 பயிற்சி விமானம் ஒன்று சோதனைப் பறப்பின்போது நொறுங்கி இரண்டு சோதனை விமானிகள் இறந்தார்கள். 19ஆம் தேதி எலகங்காவில் விமானக் கண்காட்சிக்கு ஒத்திகை பார்த்த சூர்யகிரண் அணியின் இரண்டு விமானங்கள் மோதி ஒரு விமானி இறந்தார். அந்த இரண்டும் அமைதிக்கால விபத்துகள், எல்லைப் பதற்றத்தோடு முடிச்சுப் போடக்கூடாது. ஆனால் ஒரே மாதத்தில் இத்தனையும் சேர்ந்து வந்ததில், 27ஆம் தேதி பட்காமில் ஹெலிகாப்டர் விழுந்த செய்தி முதலில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று வந்தபோது யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

காலை பத்து மணிச் சுமார்

27ஆம் தேதி காலை பாகிஸ்தான் விமானங்கள் கூட்டமாகக் கிளம்பி ஜம்மு பகுதியின் நவ்ஷேரா, ரஜௌரி பக்கம் வந்தன. எதிர்த்துப் போன நம் விமானங்களில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய மிக்-21 பைசன்களும் இருந்தன. அவற்றில் ஒன்றைத்தான் அபிநந்தன் ஓட்டினார். அவருடைய விமானம் சுடப்பட்டு, அவர் பாகிஸ்தான் பக்கம் பாராசூட்டில் இறங்கியதும் கிட்டத்தட்ட அதே நிமிடங்களில்தான்.

இங்கே வரைபடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நவ்ஷேராவுக்கும் ஸ்ரீநகருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நடுவில் பீர் பாஞ்சால் மலைத்தொடர். சண்டை மலைக்கு அந்தப் பக்கம். ஹெலிகாப்டர் மலைக்கு இந்தப் பக்கம், சொந்தத் தளத்துக்குப் பக்கத்தில். இரண்டையும் சேர்த்தது அச்சம் மட்டும்தான். போர் விமானங்கள் ஒரு பக்கம் கவனத்தை இழுக்கும்போது மறுபக்கம் ஆளில்லா விமானம் ஒன்று தாழப் பறந்து தளத்துக்கு வந்துவிட்டால்? அந்த நேரத்தில் இது நியாயமான கவலை, பைத்தியக்காரத்தனம் இல்லை.

எச்சரிக்கை வந்ததும் ஹெலிகாப்டரைத் தளத்துக்குத் திரும்பி வரச் சொன்னார்கள் என்றும், இப்படிப்பட்ட நேரத்துக்கென்று குறித்த பாதுகாப்பான பகுதிக்கு அனுப்பவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. ஆக, ராடார் திரையில் தெரிந்தது இதுதான்: தாழ்வாக, மெதுவாக, தளத்தை நோக்கி வரும் ஒரு புள்ளி. எம்ஐ-17 வி5-ன் உச்ச வேகமே மணிக்கு 250 கிலோமீட்டர். திரையில் அந்த வேகத்தில் நகர்வது ஆளில்லா விமானமாகவும் இருக்கலாம்.

தளத்தில் இருந்தது ஸ்பைடர், இஸ்ரேலில் செய்த ஏவுகணை அமைப்பு. லாரி மேல் ஏற்றிய ஏவுகலத்திலிருந்து பைத்தான், டெர்பி என்ற இரண்டு வகை ஏவுகணைகளைச் சுடலாம். தாழப் பறந்து திடீரென்று வரும் இலக்குகளை அடிப்பதற்கென்றே செய்தது, அதனால் பதில் வேகம் அதிகம். ஏவியதிலிருந்து தாக்கியது வரை சுமார் 12 விநாடி என்று பின்னால் செய்திகள் வந்தன. ஹெலிகாப்டரில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

பதில் வராவிட்டால்

நம் விமானமா எதிரி விமானமா என்று தெரிந்துகொள்ள ஐஎஃப்எஃப் என்ற கருவி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே வந்துவிட்டது. உலகில் பரவலாக உள்ள முறையில் தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் ஒரு கேள்வி போகும், விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும். பதிலில் உரிய ரகசியக் குறியீடு சரியாக இருந்தால் திரையில் அந்தப் புள்ளி "நம்முடையது" என்று குறிக்கப்படும்.

இந்தக் கருவிக்கு ஒன்றுதான் சொல்லத் தெரியும்: நான் உங்கள் ஆள். "நான் எதிரி" என்று எந்த விமானமும் பதில் அனுப்பாது. அப்படியானால் பதில் வராத புள்ளி யார்? எதிரியாக இருக்கலாம். கருவி அணைந்த நம் விமானமாக இருக்கலாம். கருவி பழுதான நம் விமானமாக இருக்கலாம். குறியீடு மாற்றாமல் கிளம்பிய நம் விமானமாக இருக்கலாம். மலை மறைத்திருக்கலாம். பதில் இல்லை என்பதற்கு அர்த்தம் "இன்னும் தெரியவில்லை" என்பது மட்டுமே. பதற்றம் கூடக் கூட, அந்த "தெரியவில்லை" யாரும் கவனிக்காமலே "எதிரி" ஆகிவிடுகிறது. இந்த ஆய்வில் நான் நிறுத்திப் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

பட்காம் ஹெலிகாப்டரில் ஐஎஃப்எஃப் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விசாரணையில் வெளிவந்த பெரிய உண்மை அது. விமானத்திலிருந்து எந்த அலை வெளியே போனாலும் எதிரி மோப்பம் பிடிக்கலாம் என்பதால் சில நேரம் இதை அணைப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். ஆனால் விமானப்படைத் தலைமையகத்தின் உத்தரவு, கருவி இயங்க வேண்டும் என்பது. மேலே ஒரு விதி, தளத்தில் வேறு ஒரு நடைமுறை. இரண்டும் பல நாள் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் வாழ்ந்துவிடும். ஏவுகணையை உயிர்ப்பித்து வைத்திருக்கும் காலையில்தான் மோதும்.

பர்கூர் பக்கம் ஒரு குவாரியில் மேஸ்திரியாக இருக்கிற பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்ககிட்ட வெடிக்காத குழியை செத்த குழின்னு சொல்லமாட்டோம் தம்பி. உசுரோட இருக்கிற குழின்னுதான் கிட்டயே போகமாட்டோம்." சரியான விதி. வெடி வைத்து ஒரு குழி மட்டும் சத்தம் போடவில்லை என்றால், அது வெடிக்காமல் போன மருந்து என்று வைத்துக்கொண்டு விலகி நிற்பதுதான் குவாரி ஒழுங்கு. தெரியாததை ஆபத்தின் பக்கம் வைக்கிறார்கள்.

ஆனால் ஸ்ரீநகரில் இந்த விதியை அப்படியே போட முடியாது, அதையும் பெரியவரிடம் சொன்னேன். குவாரியில் காத்திருந்தால் போவது அரை நாள் வேலை. ஏவுகணை அறையில் காத்திருந்து, வருவது உண்மையிலேயே எதிரியாக இருந்துவிட்டால் போவது தளம். சுடுவதும் ஆபத்து, சுடாமல் இருப்பதும் ஆபத்து. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு கருவியின் மௌனத்தை வைத்து முடிவெடுக்க விடக்கூடாது. வேறு எங்கே கேட்டால் தெரியும் என்பது முன்கூட்டியே ஏற்பாடாக இருக்க வேண்டும்.

ஒரே தளம், இரண்டு அறை

அந்த "வேறு எங்கே" ஸ்ரீநகரில் ரொம்பப் பக்கத்தில் இருந்தது. ஹெலிகாப்டர் கிளம்ப அனுமதி கொடுத்தது அந்தத் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம். பேசிக்கொண்டிருந்ததும் கோபுரம்தான். வானத்தில் நம் ஹெலிகாப்டர் ஒன்று இருக்கிறது, திரும்பி வருகிறது என்பது அதே வேலிக்குள் இருந்த ஆட்களுக்குத் தெரியும். ஏவுகணைக்குப் பொறுப்பான அறையில் அந்தத் தகவல் வேலை செய்யவில்லை. தரையில் இருந்தவர்களுக்கும் ஹெலிகாப்டர் குழுவுக்கும் இடையே தொடர்பிலும் ஒருங்கிணைப்பிலும் பெரிய ஓட்டைகள் இருந்ததை விசாரணை சுட்டியது. நடைமுறை மீறல்களும் அதில் சேர்ந்தன.

சுட அனுமதி தருவது பொத்தான் பக்கத்தில் இருக்கும் இளைஞர் அல்ல. அது தளத்தின் மூத்த அதிகாரி ஒருவரின் பொறுப்பு. இதை வகுப்பில் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நம் ஆலைகளில் விபத்து நடந்ததும் முதலில் தேடுவது கை யாருடையது என்பதைத்தான். கை கடைசி. அதற்கு முன்னால் ஹெலிகாப்டரை எங்கே அனுப்புவது, ஐஎஃப்எஃப் கருவி இயங்குகிறதா, கோபுரத்தின் பட்டியல் யார் மேஜையில் இருக்கிறது, யார் யாரிடம் கேட்காமல் "சரி" சொல்லக்கூடாது என்று நாலைந்து கதவுகள் இருந்தன. அன்று எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன.

வேறு இடங்களில்

இது காஷ்மீரில் மட்டும் நடக்கிற கதை இல்லை. 1994 ஏப்ரல் 14 அன்று வட ஈராக்கில் அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 விமானங்கள், அமெரிக்காவின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர்களில் ஐஎஃப்எஃப் இயங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்தப் பகுதிக்கு உரிய குறியீடு இல்லாமல் வேறு குறியீடு போட்டிருந்தார்கள். மேலே பறந்துகொண்டிருந்த அவாக்ஸ் கண்காணிப்பு விமானத்தில் இருந்தவர்களுக்கு ஹெலிகாப்டர்கள் அங்கே போயிருப்பது தெரியும். யாரும் எஃப்-15 விமானிகளைத் தடுக்கவில்லை. விமானிகள் கிட்டப் போய்க் கண்ணாலும் பார்த்தார்கள். பார்த்தும் அவற்றை ரஷ்ய ஹிண்ட் ஹெலிகாப்டர் என்றே முடிவு செய்தார்கள். எதிர்பார்ப்பது எதுவோ அதுதான் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. ராணுவ நீதிமன்றம் வரை போனது அவாக்ஸில் இருந்த ஒரே ஓர் அதிகாரி. அவரும் விடுவிக்கப்பட்டார்.

2003 மார்ச்சில் ஈராக் போரின்போது குவைத்தில் நிறுத்தியிருந்த அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணை, தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை அடித்தது. இருவர் இறந்தார்கள். டொர்னாடோவின் ஐஎஃப்எஃப் வேலை செய்யவில்லை. பேட்ரியாட் கணினி அதை, ராடாரைத் தேடி வரும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. அந்த ஏவுகணைக் குழுவின் தொடர்புச் சாதனங்கள் முழுதாக வந்து சேரவில்லை, ஆக மேலிடத்தில் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. 2018 செப்டம்பரில் இஸ்ரேலிய விமானங்களைக் குறிவைத்து சிரியா ஏவிய எஸ்-200 ஏவுகணை, நட்பு நாடான ரஷ்யாவின் ஐஎல்-20 விமானத்தை வீழ்த்தி 15 பேரைக் கொன்றது.

எல்லாவற்றையும்விட ஸ்ரீநகருக்கு நெருக்கமாக நான் பார்ப்பது தெஹ்ரான். 2020 ஜனவரி 8 அன்று ஈரான், ஈராக்கில் உள்ள அமெரிக்கத் தளங்கள் மீது ஏவுகணை வீசியது. பதிலடி வரும் என்று காத்திருந்த அதே சில மணி நேரத்தில், தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் புரட்சிக் காவல்படை இரண்டு ஏவுகணைகளால் அடித்தது. 176 பேர். இடம் மாற்றி நிறுத்திய டோர் ஏவுகணை வண்டியின் ராடார் திசையைத் திரும்பச் சரிசெய்யவில்லை என்று ஈரானின் அறிக்கை சொன்னது. தளத் தலைமையோடு தொடர்பு கிடைக்கவில்லை, கிடைக்காமலே சுட்டார்கள். முதலடி கொடுத்துவிட்டு, பதிலடிக்குக் காத்திருக்கிற நேரம். பாலகோட்டுக்கு மறுநாள் காலை ஸ்ரீநகரில் இருந்ததும் அதேதான். நல்லவேளை, 27ஆம் தேதி ஸ்ரீநகர் உள்ளிட்ட வடக்கு விமான நிலையங்களைப் பயணிகள் விமானங்களுக்கு மூடினார்கள். ஸ்ரீநகர் தளமும் பயணிகள் நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பங்கு போடுகிற இடம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த முடிவின் கனம் புரியும்.

இந்தியா பாகிஸ்தான் கணக்கில் வேறு மாதிரிச் சம்பவங்களும் உண்டு. கார்கில் முடிந்து சில வாரத்தில், 1999 ஆகஸ்ட் 10 அன்று கட்ச் ரண் பகுதியில் பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் கண்காணிப்பு விமானத்தை நம் மிக்-21 சுட்டது. 16 பேர் இறந்தார்கள். எல்லைக்கு 10 கிலோமீட்டருக்குள் போர் விமானமோ வேவு விமானமோ வரக்கூடாது என்று இரு நாடும் 1991லேயே கையெழுத்துப் போட்டிருந்தன. விமானம் எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதில்தான் சண்டை. பாகிஸ்தான் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக, தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று 2000 ஜூனில் அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தெரிந்தே சுட்டது, பட்காம் வகை அல்ல.

2022 மார்ச் 9 சம்பவம் எங்கள் வகுப்புக்கு இன்னும் பொருந்தும். அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு வரை போய் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. சோதனையின்போது ஏவுகணையின் போர் இணைப்பிகளை ஜங்ஷன் பெட்டியிலிருந்து கழற்றாமல் விட்டிருந்தார்கள் என்று பின்னால் நீதிமன்றத்தில் விமானப்படை தெரிவித்தது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடாமல் பேனலில் கை வைக்கிற கதைதான் இது, சிப்காட்டில் எந்த எலக்ட்ரீஷியனுக்கும் விளக்க வேண்டாம். அந்த ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஏழு மாதம்

பட்காமுக்குத் திரும்புவோம். 2019 மே மாதமே ஸ்ரீநகர் தளத்தின் தலைமை அதிகாரி மாற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டில் அதிகாரிகள் மேல் குற்றம் காணப்பட்டதாகச் செய்தி வந்தது. வெளிப்படையான வார்த்தை வந்தது அக்டோபர் 4 அன்று. புதிதாகப் பதவியேற்ற விமானப்படைத் தளபதி பதௌரியா, நம் ஏவுகணைதான் ஹெலிகாப்டரைத் தாக்கியது, அது பெரிய தவறு என்று செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார். நடுவில் ஒரு நாடாளுமன்றத் தேர்தலே நடந்து முடிந்திருந்தது. பிப்ரவரி 27ஐப் பற்றி எத்தனை மேடைப் பேச்சு! எத்தனை விமானம் விழுந்தது, பாகிஸ்தானின் எஃப்-16 விழுந்ததா இல்லையா என்று இரு நாட்டுத் தொலைக்காட்சியிலும் நாள் கணக்கில் வாதம். பாகிஸ்தான் ராணுவமும் அன்று முதலில் இரண்டு இந்திய விமானிகள் பிடிபட்டார்கள் என்று அறிவித்துவிட்டு, அப்புறம் ஒருவர்தான் என்று மாற்றிச் சொன்னது. அத்தனை சத்தத்திலும் பட்காமில் இறந்த ஏழு பேருக்குச் சில வரிகள்தான் கிடைத்தன.

தாமதத்தை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். விசாரணைக்கு நேரம் தேவை, சரி. ஆனால் "தொழில்நுட்பக் கோளாறு" என்ற முதல் செய்தி மாதக்கணக்கில் திருத்தப்படாமல் கிடந்தது. இறந்தவர்களின் வீட்டில் அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும்?

ஆறு அதிகாரிகள் மேல் நடவடிக்கை என்று செய்தி வந்தது, அதில் இருவருக்கு ராணுவ நீதிமன்ற விசாரணை. 2023 ஏப்ரலில், சம்பவ நேரத்தில் தளத்தின் செயல்பாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த குரூப் கேப்டனைப் பணிநீக்கம் செய்ய அந்த நீதிமன்றம் பரிந்துரைத்தது. இன்னொருவருக்குக் கடும் கண்டனம். உயர் நீதிமன்றத்தில் இருந்த வழக்கு முடியும்வரை அது நடைமுறைக்கு வராது என்ற நிலையும் கூடவே இருந்தது.

வகுப்பில் எழுந்த கேள்விகள்

"அப்ப சுட்டவன் மேல தப்பே இல்லைங்கறீங்களா சார்?" என்று முதலில் கேட்டவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருப்பவர். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. தண்டனை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த அதிகாரியைத் தூக்கிவிட்டு அதே அறையில் அதே ஏற்பாட்டில் வேறொருவரை உட்கார வைத்தால், அடுத்த பதற்றத்தில் அவருக்கும் திரையில் அதே புள்ளிதானே தெரியும்? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க யூனிட்லயும் பாஸ்வேர்டு மாத்துனது ராத்திரி போஸ்ட்டுக்கு வந்து சேராம ஒரு தடவை நெருக்கடி ஆச்சு சார்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த, மாம்பழக்கூழ் ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வேறு மாதிரி வந்தார். அவர்கள் ஆலையில் பெரிய கலனுக்குள் இறங்கிக் கழுவும்போது வெளியே அட்டை மாட்டுவார்களாம். அட்டை இருந்தால் ஆள் உள்ளே. அட்டை இல்லை என்றால்? "ஆள் இல்லைன்னு ஸ்விட்ச் போட்டுடுவோம்ணா." சொன்னவுடன் அவரே நிறுத்திவிட்டார். அட்டை மாட்ட மறந்த நாளில் என்ன ஆகும் என்று வகுப்பே அவரைப் பார்த்தது. அந்த ஆலையில் பிறகு கலவை இயந்திரத்தின் சுவிட்சுக்கே பூட்டுப் போட்டு, இறங்குகிறவர் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். அட்டை இல்லாததை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

கடைசிக் கேள்வியும் செக்யூரிட்டி சூப்பர்வைசருடையதுதான். 2025 மே மாதம் நடந்த மோதலுக்குப் பிறகு நடந்த வகுப்பு அது. மே 8 இரவு ஒன்றில் மட்டும் பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வரை ஏவியதாக இந்தியத் தரப்பு அறிவித்திருந்தது. "2019ல ஒரு புள்ளிக்கே இந்தப் பாடு. நூறு ட்ரோன் ஒரே நேரத்துல மெதுவா வந்தா, நடுவுல நம்ம ஹெலிகாப்டர் ஒண்ணு இருந்தா, எதைக் கேட்டுட்டு சார் சுடறது?"

ராடார்களையும் தளங்களையும் ஏவுகணை அறைகளையும் ஒரே வலையில் கோர்க்கும் ஒருங்கிணைந்த வான்படைக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்போது இருக்கிறது, 2025ல் அதன் வேலையை அரசுத் தரப்பு பாராட்டியும் பேசியது. நூறு புள்ளிகளை மனிதக் கண் மட்டும் பிரித்துவிடாது, அந்த வலை வேண்டும்தான். ஆனால் அவருக்கு நான் சொன்ன பதில் அதைவிடச் சின்னது. திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, நம்முடையது எவையெல்லாம் இப்போது வானத்தில் இருக்கின்றன என்ற கோபுரத்தின் பட்டியல் ஏவுகணை அறையில் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பித்து. பட்டியலில் ஒன்று பாக்கி இருந்து, அது எங்கே என்று தெரியாதவரை, தாழ்வாக மெதுவாக வரும் எந்தப் புள்ளிக்கும் அனுமதி கொடுக்கிறவர் முதலில் போனை எடுக்க வேண்டும். அவர் நோட்டில் அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பாலக்கோட்டுத் தம்பி, "அண்ணா, போன் எடுக்கலைன்னா?" என்று கேட்டார். அடுத்த ஒரு மணி நேரம் வகுப்பு அந்தக் கேள்வியில்தான் போனது.